ஸ்பைனல் ஃபியூஷன்: முள்ளெலும்பு ஒட்டு

முதுகெலும்பில் அடுத்தடுத்துள்ள முள்ளெலும்புகளை ஒன்றாகச் சேர்க்கும் ஆபரேஷன்தான் ஸ்பைனல் ஃபியூஷன். மதுரைப் பக்கம் இதைத் ‘தண்டுவட ஆபரேஷன்’ என்பார்கள். ‘பிளேட் வைக்கிறது’ என்றும் சொல்வதுண்டு. இரண்டு பெயரும் நோயாளிக்குத் தவறான படத்தையே காட்டுகின்றன.

தண்டுவடம் என்பது மூளையிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புக் கற்றை. பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் இடுப்பின் முதல் இரண்டு முள்ளெலும்புகளை ஒட்டியே முடிந்துவிடும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் அடிக்கடி வரும் ‘எல்4-எல்5’, அதாவது இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகள் சேரும் இடம், அதற்கும் கீழே. அங்கே இருப்பவை தனித்தனி நரம்பு வேர்கள். அவற்றிலும் காயம் படக்கூடும், டாக்டரிடம் அதைக் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் “தண்டுவடத்துல கைய வச்சா காலு விளங்காமப் போயிரும்” என்று மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வருகிறவர்கள் நடுங்குவதற்கு இந்தப் பெயரும் ஒரு காரணம்.

சரி, ஃபியூஷன் என்றால்? ஊற்றுதல், உருக்குதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். எலும்பை யாரும் உருக்குவதில்லை. அது வளர்ந்து சேர்கிறது. இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே தேய்ந்துபோன ஜவ்வை (டிஸ்க்) எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கேஜ் என்னும் சிறு கூண்டையும் எலும்புத் துணுக்குகளையும் வைக்கிறார்கள். ஸ்குரூவும் கம்பியும் அசையாமல் பிடித்துக்கொள்கின்றன. மேலும் கீழும் உள்ள எலும்புகள் ஒன்றாகச் சேர மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு ஒரு வருடம்கூட.

கலைச்சொல்லாக ‘முள்ளெலும்பு இணைப்பு’ என்று எழுதுகிறார்கள். பிழையில்லை. ஆனால் ஸ்குரூ முடுக்கியதும் இணைப்பு முடிந்தது என்று அது நினைக்க வைக்கிறது. ‘ஒட்டு’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அழகர்கோவில் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவருக்கு விளக்கவே வேண்டாம்: கட்டு பிடித்துக்கொள்ளத்தான், சேர்வது உயிருள்ள திசு. 1911இல் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃபிரெட் ஆல்பி என்ற இருவர் தனித்தனியே, முதுகெலும்புக் காசநோய்க்கு இந்தச் சிகிச்சையைச் செய்தார்கள். ஆல்பி கணைக்கால் எலும்பிலிருந்து (முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு) துண்டெடுத்து வைத்தார். அவர் சிறுவயதிலேயே தாத்தாவிடம் மரத்துக்கு ஒட்டுக் கட்டப் பழகியவர்!

அடுத்து, இதே ஆபரேஷனைச் சிறிய துளை வழியாகச் செய்யும் ‘மினிமலி இன்வேசிவ்’ முறை. ‘குறைந்த ஊடுருவல்’ என்ற பெயர்ப்பு வாயில் நுழையாது. பலர் ‘லேசர்’ என்கிறார்கள். பெரும்பாலும் லேசருக்கு இதில் வேலையே இல்லை. ‘நுண்துளை’ பரவாயில்லை என்றாலும், உள்ளே நுழைக்கும் குழாயின் அகலம் ஏறக்குறைய 2 செ.மீ. இருக்கும், ‘சிறுதுளை’ போதும். பழைய முறையில் நடு முதுகைக் கீறி, தசையை எலும்பிலிருந்து உரித்து ஒதுக்குவார்கள். இதில் ஒன்றைவிட ஒன்று பெரிதாகக் குழாய்களை நுழைத்து, தசைநாரை விலக்கி வழி செய்கிறார்கள். எக்ஸ்-ரே பார்த்தபடி ஸ்குரூவைத் தோல்வழியாகவே இறக்குவார்கள். ரத்தம் குறைவாகப் போகும், சீக்கிரம் எழுந்து நடக்கலாம்.

‘சிறு’ என்பது துளைக்கு மட்டும்தான். எலும்பு ஒட்டும் காலம் குறைவதில்லை. தையல் ஆறியதும் பரவை மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போய்விடக் கூடாது. “புண் ஆறிருச்சா” என்பதோடு, “ஒட்டு பிடிச்சிருச்சா” என்று எக்ஸ்-ரேயோ சிடி ஸ்கேனோ பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். புகைப்பவர்களுக்கு ஒட்டு சேராமல் போகும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்பே பீடி, சிகரெட்டை விடச் சொல்கிறார்கள்.