ஊரே வெறுக்கும் ஒருவரின் வக்காலத்தை வக்கீல் ஏன் வாங்குகிறார்?

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. தடா வழக்கில் உயர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது, நேரே உச்ச நீதிமன்றம்தான். 1999 மே மாதம் அங்கே 4 பேருக்குத்தான் தூக்கு உறுதியானது, 3 பேருக்கு ஆயுளாகக் குறைந்தது. கொலைச் சதிக் குற்றச்சாட்டு நிற்காததால் மீதி 19 பேர் வெளியே வந்தார்கள். நாடே கொதித்துக்கொண்டிருந்த வழக்கு அது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் வாதாட ஆளில்லாமல் போயிருந்தால் அந்த 19 பேரும் தூக்குமேடைக்குப் போயிருப்பார்கள்.

"இவனுக்கெல்லாம் ஒரு வக்கீலா?" என்று கேட்பவர்கள் வக்கீல்களை நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளைப் பார்க்க வேண்டும். தன் தகுதிக்கும் வழக்கின் தன்மைக்கும் ஏற்ற கட்டணம் கிடைத்தால் வழக்கை ஏற்பது வக்கீலின் கடமை, தக்க காரணம் இருந்தால்தான் மறுக்கலாம் என்கிறது விதி 11. கட்சிக்காரர் (வழக்கை ஒப்படைத்தவர்) குற்றவாளியா என்பதில் சொந்த அபிப்பிராயம் எதுவானாலும் அவருக்காக வாதாட வேண்டும் என்கிறது விதி 15. கோவையில் வக்கீல்களோடு ஏற்பட்ட மோதலில் வழக்கில் சிக்கிய போலீஸாருக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்குள்ள வக்கீல் சங்கமான பார் அசோசியேஷன் தீர்மானம் போட்டது. அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லவே செல்லாது என்று 2010 டிசம்பரில், ஏ.எஸ்.முகமது ரஃபி வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பணமும் பெயரும், நாளைக்கு அரசு வழக்கறிஞர் பதவி வரலாம் என்ற எண்ணமும் இதில் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

இத்தகைய வழக்குகளில் சறுக்கல் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே நடக்கிறது. ஒரு அரசியல் தலைவரும் அவருடைய உதவியாளரும் டிரைவரும் ஒரே வழக்கில் சிக்கியிருப்பார்கள், மூவருக்கும் ஒரே வக்கீல். ஆறு மாதத்தில் டிரைவர் அப்ரூவராக, அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக, மாறுவார். அவர் நம்பிச் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு அவரையே குறுக்கு விசாரணை செய்ய முடியுமா? தலைவருக்கும் டிரைவருக்கும் முதல் நாளே வேறு வேறு வக்கீல் வைப்பதுதான் நல்லது. கட்டணத்திலும் கவனம் வேண்டும். ஒரு வழக்குக்காக ஒருவரிடம் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. காசோலையாக வாங்கி ரசீது கொடுத்துவிட வேண்டும்.

"நான்தான் செய்தேன்" என்று கட்சிக்காரர் சொல்லிவிட்டால்? பாரதிய சாக்ஷிய சட்டத்தின் (சாட்சியச் சட்டம்) 132ஆவது பிரிவுப்படி அவர் சம்மதமில்லாமல் அதை வெளியே சொல்லக் கூடாது. அதற்காக, அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லை என்று பொய்ச்சாட்சி ஜோடிக்கவும் கூடாது. அரசுத் தரப்பு வழக்கை நிரூபித்திருக்கிறதா என்று உரசிப் பார்ப்பதே மிச்சமுள்ள வேலை, அதுவே நிறைய. எஃப்.ஐ.ஆர். எத்தனை மணிக்குப் பதிவானது, மாஜிஸ்திரேட் கைக்கு எப்போது போனது, மகஜரில் (பறிமுதல் பத்திரத்தில்) கையெழுத்துப் போட்டவர் பறிமுதலை நேரில் பார்த்தாரா, அல்லது ஸ்டேஷனில் உட்கார்ந்து போட்டாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஆனால் "அந்தச் சாட்சியைக் கலைக்க வழி சொல்லுங்கள்" என்று கேட்டால் கதை வேறு. சட்டவிரோதக் காரியத்துக்காக நடக்கும் பேச்சுக்கு ரகசியப் பாதுகாப்பு கிடையாது.

பாதியில் விலகுவதென்றால் போதிய காரணமும் முன்னறிவிப்பும் வேண்டும், செய்யாத வேலைக்கான கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது விதி 12. டிவி விவாதத்தில் திட்டுகிறார்கள் என்பதெல்லாம் போதிய காரணம் ஆகாது.