பக்கத்துக் கடை மூடினால் நமக்கு லாபமா? ஷெஃபீல்டு கடைவீதியின் கணக்கு

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் முதுகலை படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஐந்தரை லட்சம் பேர் வாழும் ஊரின் நட்டநடுவில், டிராமும் பேருந்தும் வந்து கூடும் இடத்தில் இருக்கும் ஃபார்கேட் வீதியில் பல கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தள்ளி, மோட்டார்வே ஓரத்தில் இருக்கும் மெடோஹால் மாலிலோ சனிக்கிழமைகளில் கூட்டம் நெரிகிறது. இணையத்தில் வாங்கும் பழக்கம்தான் காரணம் என்றால் அது இரண்டையும் ஒரே அளவில் பாதித்திருக்க வேண்டாமா? மாநகராட்சி இவ்வளவு செலவழித்தும் நகர மையம் ஏன் சட்டென்று மீளவில்லை?

வரலாற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1980களில் ஷெஃபீல்டின் எஃகுத் தொழில் சரிந்தது. 1983இல் மூடப்பட்ட ஹேட்ஃபீல்ட்ஸ் எஃகு ஆலையின் நிலத்தில், 1990 செப்டம்பரில், ஏறக்குறைய 12,000 கார்களுக்கு இலவச நிறுத்துமிடத்தோடு மெடோஹால் திறக்கப்பட்டது. பின்னர் இணைய வணிகம் வந்தது. பிரிட்டனின் சில்லறை விற்பனையில் அதன் பங்கு, கோவிட் தொற்றுக்கு முன்பே ஐந்தில் ஒன்றைத் தொட்டிருந்தது. 2021 ஜனவரியில் மூன்றில் ஒன்றைத் தாண்டி, பிறகு நான்கில் ஒன்றைச் சுற்றி நிலைகொண்டது. 2016இல் பிஎச்எஸ் என்ற பெருங்கடை மூடியது. 2021இல் நகர மையத்தின் மூர் வீதியில் டெபென்ஹாம்ஸ் என்ற பெருங்கடை மூடியது. 1963 முதல் கோல் பிரதர்ஸ் என்ற பெயரிலும், 2002க்குப் பிறகு ஜான் லூயிஸ் என்ற பெயரிலும் பார்க்கர்ஸ் பூல் சதுக்கத்தில் நடந்துவந்த பெருங்கடை, பொதுமுடக்கம் முடிந்த பின் திறக்கவே இல்லை.

இவையெல்லாம் செய்தித்தாள்களில் வந்தவைதான். ஒரே அடி இரண்டு இடங்களிலும் விழுந்தபோது ஒன்று தாங்கியதும் மற்றொன்று சாய்ந்ததும் எப்படி என்பதற்கு அவற்றில் விடை கிடைக்காது. விடை ஒரு சமன்பாட்டில் இருக்கிறது. அதை எழுதியவர்களில் ஒருவர், ஷெஃபீல்டுக்குப் பக்கத்து ஊரான லீட்ஸின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் என்பது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி தரும் செய்தி.

1931இல் அமெரிக்கரான வில்லியம் ரெய்லி, இரண்டு ஊர்களுக்கு இடையில் வாழும் மக்கள் எந்த ஊருக்குப் போய்ப் பொருள் வாங்குவார்கள் என்பதை நியூட்டனின் ஈர்ப்பு விதியின் சாயலில் எழுதலாம் என்று காட்டினார்: பெரிய ஊர் அதிகம் இழுக்கும், தூரம் கூடக்கூட இழுப்பு குறையும். 1960களில் டேவிட் ஹஃப் அதை நிகழ்தகவாக மாற்றினார். எந்த வாடிக்கையாளரும் ஒரே இடத்துக்குத்தான் போவார் என்று சொல்ல முடியாது. பத்து முறையில் ஏழு முறை இங்கே, மூன்று முறை அங்கே என்று பிரிந்து போவார். ஆனால் மனிதர்கள் ஏன் கோள்களைப் போல் நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு அப்போதும் சரியான பதில் இல்லை. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து, ரதர்ஃபோர்டு ஆய்வுக்கூடத்தில் கோட்பாட்டு இயற்பியல் பக்கம் வேலை பார்த்துவிட்டு நகரங்களின் பக்கம் திரும்பிய ஆலன் வில்சன், 1967இல் அந்தப் பதிலைக் கொடுத்தார். தனித்தனி மூலக்கூறுகளின் பாதை தெரியாமலேயே வாயுவின் அழுத்தத்தைக் கணிக்கும் புள்ளியியல் இயற்பியலின் முறையை அவர் பயணங்களுக்குப் பொருத்தினார். மொத்தப் பயணச் செலவு இவ்வளவு என்ற கட்டுப்பாட்டுக்குள் மிக அதிக வழிகளில் நிகழக்கூடிய பரவலைத் தேடினால், ஈர்ப்பு விதியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சூத்திரம் தானாக வந்து நின்றது. அவருடைய லீட்ஸ் குழுவிலிருந்து பிற்காலத்தில் கடைகளுக்கு இடம் தேர்ந்துகொடுக்கும் ஜிமேப் என்ற நிறுவனமே பிறந்தது. கோட்பாட்டு ஆய்வுக்குப் பணம் கேட்டால் "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்கும் குழுக்களுக்கு இதை நினைவூட்டலாம்: 1967இல் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் உருப்படியான பதில் எதுவும் கிடைத்திருக்காது.

1978இல் வில்சனும், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பிரிட்டன் ஹாரிஸும் சேர்ந்து அந்தச் சூத்திரத்துக்கு ஒரு வரியைக் கூட்டினார்கள். ஒரு கடைவீதிக்கு வரும் விற்பனை, அதை நடத்த ஆகும் செலவைவிட அதிகமாக இருந்தால் வீதி வளரும். குறைவாக இருந்தால் சுருங்கும். இவ்வளவுதான் புதிய வரி. இந்த எளிய வரியிலிருந்து வெளிப்பட்டதுதான் நான் நிதானமாகச் சொல்ல விரும்பும் விஷயம்.

ஒரே தூரத்தில் இரண்டு கடைவீதிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றின் பரப்பு 100, மற்றொன்றின் பரப்பு 50. மக்கள் செலவிடும் மொத்தத் தொகையும் 100. பரப்புக்கு நேர்விகிதத்தில் ஈர்ப்பு இருந்தால் சிறிய வீதிக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 கிடைக்கும். ஓர் அலகுப் பரப்புக்கு 0.67. பெரிய வீதிக்கும் அதே 0.67. இப்போது சிறிய வீதியில் சில கடைகள் மூடி, பரப்பு 40 ஆகிறது. விற்பனை 28.6 ஆகக் குறையும்; ஆனால் ஓர் அலகுக்குக் கணக்கிட்டால் 0.71. மிஞ்சிய கடைகளுக்கு லாபம் கூடியிருக்கிறது. பக்கத்துக் கடை மூடினால் அதன் வாடிக்கையாளர்கள் நம்மிடம் வருவார்கள் என்று எந்த வியாபாரியும் இயல்பாக நினைப்பது இந்தக் கணக்கைத்தான்.

ஈர்ப்பு, பரப்பின் வர்க்கத்துக்கு (பரப்பை அதே எண்ணால் பெருக்கியதற்கு) ஏற்ப மாறினால் என்ன ஆகும்? 100க்கு 10,000, 50க்கு 2,500. சிறிய வீதியின் பங்கு ஐந்தில் ஒன்றுதான், அலகுக்கு 0.4. பெரியதற்கு 0.8, அதாவது இரு மடங்கு. சிறிய வீதி 40க்குச் சுருங்கினால் அதன் ஈர்ப்பு 1,600, பங்கு 13.8, அலகுக்கு 0.345. கடைகள் மூடியிருக்கின்றன, மிஞ்சிய கடைகளின் விற்பனையும் சரிந்திருக்கிறது. போட்டியாளர் ஒழிந்தார் என்று மகிழ்ந்த வியாபாரி, அந்தப் போட்டியாளரோடு தன் வாடிக்கையாளர்களும் போய்விட்டதை அடுத்த மாதக் கணக்கில்தான் பார்ப்பார்.

எல்லாம் அந்த அடுக்கில், அதாவது முதல் கணக்கில் 1 ஆகவும் இரண்டாம் கணக்கில் 2 ஆகவும் இருந்த எண்ணில், இருக்கிறது. ஹாரிஸும் வில்சனும் அதை ஆல்ஃபா என்று குறித்தார்கள். அது 1க்குக் கீழ் இருக்கும்வரை வீதி தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும், 1ஐத் தாண்டியதும் சரிவு சரிவை வளர்க்கும். பால், ரொட்டி போன்றவற்றுக்கு ஆல்ஃபா சிறியது. பத்துக் கடை ஏறி இறங்கிப் பால் வாங்குபவர் யாரும் இல்லை. காலணிக்கும் கல்யாண உடைக்கும் அது பெரியது. நான்கு கடை பார்த்து ஒப்பிட்டு வாங்க வேண்டிய பொருள்களுக்கு, நான்கு கடைகள் அருகருகே இருப்பதே ஈர்ப்பு. அதனால்தான் துணிக்கடைகளை நம்பிய நகர மையம் சாயும்போது, வீட்டுப் பக்கத்துத் தெருமுனைக் கடை அசையாமல் நிற்கிறது.

நம் ஊரில் ஒரு கடையில் அடுத்தடுத்து மூன்று பேர் வந்து நொடித்துப்போனால் அதை ராசியில்லாத கடை என்று சொல்லி, பெயர்ப்பலகையின் எழுத்தெண்ணிக்கையை மாற்றி, வாசலைத் திருப்பி வைத்து, திருஷ்டிப் பூசணியும் உடைப்பார்கள். மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது வாசலின் திசை அல்ல. சுற்றியிருந்த கடைகள் மூடி, வீதியே சரிவில் இருந்த நிலை. வாஸ்து நிபுணருக்குக் கொடுக்கும் பணத்தில் ஓர் ஆளை அமர்த்தி ஒரு வாரம் அந்த வழியே நடப்பவர்களை எண்ணியிருந்தால் நான்காவது நபர் தப்பித்திருப்பார்.

இனி மீட்பு ஏன் கடினம் என்பதைப் பார்க்கலாம். வரைபடத்தாளில் கிடை அச்சில் வீதியின் பரப்பையும் நிலை அச்சில் அதன் விற்பனையையும் குறியுங்கள். ஆல்ஃபா 1க்கு மேல் இருந்தால் விற்பனைக் கோடு முதலில் தரையோடு ஒட்டிச் செல்லும், பிறகு செங்குத்தாக ஏறும், மக்களின் பணம் தீர்ந்ததும் தட்டையாகும். நடத்தும் செலவோ பரப்புக்கு ஏற்ப நேர்கோடாக ஏறும். இரண்டும் மூன்று இடங்களில் சந்திக்கும். ஒன்று சுழிப்புள்ளி: கடையும் இல்லை, விற்பனையும் இல்லை. மேலே உள்ள புள்ளி, செழிப்பான வீதி. இவ்விரண்டும் உறுதிச் சமநிலைகள். நடுவிலுள்ள புள்ளி உறுதியற்ற சமநிலை. அதற்குச் சற்று மேலே இருக்கும் வீதி வளர்ந்து உச்சிக்குப் போகும், சற்றுக் கீழே இருப்பது தேய்ந்து சுழியை நோக்கிப் போகும்.

புதிய மால் வந்தாலோ இணைய வணிகம் வந்தாலோ விற்பனைக் கோடு கீழிறங்கும். மேல் புள்ளியும் நடுப்புள்ளியும் ஒன்றையொன்று நெருங்கும். நெருங்கும் காலத்தில் வீதி சிறிது சிறிதாகத்தான் இளைக்கும், பார்ப்பவர்களுக்குப் பெரிய ஆபத்து எதுவும் தெரியாது. இரண்டு புள்ளிகளும் ஒட்டி மறைந்த கணத்தில் பிடிமானம் போய்விடும். உண்மையான வீதிகள் முழுச் சுழிக்குப் போவதில்லை. அக்கம்பக்கத்தில் வாழ்பவர்களும் அலுவலகம் வருபவர்களும் ஓர் அடித்தளத்தைக் காக்கிறார்கள். ஆயினும் வாசகரின் முதல் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. இணைய வணிகம் இரண்டு இடங்களின் கோட்டையும் இறக்கியது. மெடோஹாலிலும் டெபென்ஹாம்ஸ் மூடத்தான் செய்தது. ஆனால் நகர மையம் 1990இலேயே விளிம்பின் அருகே தள்ளப்பட்டிருந்தது, மெடோஹாலோ விளிம்பிலிருந்து தொலைவில் இருந்தது.

இரண்டாம் கேள்விக்கும் இதே படம் போதும். விழுந்த வீதிக்குப் பழைய விற்பனைக் கோட்டையே திருப்பிக் கொடுத்தாலும் அது எழாது, ஏனெனில் அது இப்போது நடுப்புள்ளிக்குக் கீழே இருக்கிறது. அதை ஒரே வீச்சில் நடுப்புள்ளிக்கு மேலே தூக்க வேண்டும். ஈர விறகைத் தீக்குச்சி தீக்குச்சியாகக் கிழித்துப் பற்றவைக்க முடியாது. 2022 இறுதியில் ஃபார்கேட்டில் சரக்குப் பெட்டகங்களை வைத்துச் சிறு கடைகள் திறந்தார்கள்; அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே அது மூடப்பட்டது. இதைவிட வேடிக்கை, மத்திய அரசு 2020 டிசம்பரில் கடைவீதிகளுக்காக அறிவித்த 83.1 கோடி பவுண்டு நிதி. போட்டியில் தேர்வான 72 இடங்களில் 15க்கு மட்டும் கேட்ட தொகை முழுதாகக் கிடைத்தது. 57 இடங்களுக்குக் கேட்டதில் 69 விழுக்காடு வரைதான் என்றார்கள். தாண்ட வேண்டிய பள்ளம் பத்தடி என்றால் எல்லாருக்கும் ஏழடிப் பலகை கொடுப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? பாதிப் பேருக்கு முழுத்தொகையும் மீதிப் பேருக்கு நேர்மையான மறுப்பும் கொடுத்திருந்தால் கூடுதல் வீதிகள் பிழைத்திருக்கும் என்பது என் கருத்து.

ஒரே வீச்சில் தூக்கவும் ஷெஃபீல்டு முயன்றது. ஹாமர்சன் நிறுவனத்தோடு சேர்ந்து செவன்ஸ்டோன் என்ற பெரும் வணிக வளாகம் திட்டமிடப்பட்டது. 2008 நிதி நெருக்கடி வந்தது, திட்டம் ஆண்டுக்கணக்கில் நின்றது, 2013இல் கைவிடப்பட்டது. பெரிய வீச்சுக்குப் பெரிய கடன் வேண்டும். பெரிய கடன் பொருளாதாரத்தின் ஒரே குலுக்கலில் போய்விடும்.

நடத்தும் செலவைக் காட்டும் நேர்கோட்டின் பக்கத்திலும் சிக்கல் உண்டு. விற்பனை விழும்போது வாடகையும் வரியும் கூடவே விழுந்தால் இரு புள்ளிகளும் பிரிந்தே இருக்கும். இங்கிலாந்தில் வணிகச் சொத்துவரி மதிப்பிட்ட வாடகையைப் பொறுத்தது. 2010இல் நடைமுறைக்கு வந்த பட்டியல் 2008 ஏப்ரல் மாத வாடகையை, அதாவது சரிவுக்குச் சற்று முந்தைய உச்சத்தை, அடிப்படையாகக் கொண்டது. 2015இல் நடக்க வேண்டிய மறுமதிப்பீடு 2017க்குத் தள்ளிவைக்கப்பட்டதால், செத்துக்கொண்டிருந்த வீதிகள் ஏழு ஆண்டுகள் பொற்கால வாடகைக்கு வரி கட்டின. குத்தகை ஒப்பந்தங்களிலோ வாடகையை மேல்நோக்கி மட்டுமே திருத்தலாம் என்ற விதி பரவலாக இருந்தது. அதைத் தடைசெய்யும் மசோதா 2025இல்தான் நாடாளுமன்றத்துக்கு வந்தது. வாடகையைக் குறைத்தால் கட்டடத்தின் மதிப்பு குறையும், மதிப்பு குறைந்தால் வங்கிக் கடனின் நிபந்தனை மீறப்படும் என்பதால், மூன்று மாதத்துக்கு மேல் காலியாக இருக்கும் கடைக்குத் தானே வரி கட்ட வேண்டியிருந்தும், காலியாகவே வைத்திருக்கும் உரிமையாளர்கள் உண்டு.

மாலுக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது. கூட்டத்தை இழுக்கும் பெருங்கடைகளுக்கு, அவை இழுப்பதால் சிறு கடைகளுக்குக் கிடைக்கும் பலனைக் கணக்கில் கொண்டு, மால் உரிமையாளர்கள் சதுர அடிக்கு மிகக் குறைந்த வாடகை வாங்குகிறார்கள் என்பதை பாஷிகியன், கூல்ட் என்ற பொருளியலாளர்கள் 1998இல் அமெரிக்க மால்களின் தரவுகளைக் கொண்டு காட்டினார்கள். ஒரு வீதிக்குப் பல உரிமையாளர்கள். கோல் பிரதர்ஸ் இழுத்த கூட்டத்தால் பலனடைந்தவர் ஒருவர், அந்தக் கடைக்கு வாடகையைக் குறைத்திருக்க வேண்டியவர் வேறொருவர்.

செவன்ஸ்டோன் போன பிறகு மாநகராட்சி வேறு வழியில் போனது. ஏறத்தாழ 47 கோடி பவுண்டில், தன் பொறுப்பிலேயே, கட்டடம் கட்டடமாக நகர மையத்தைப் புதுப்பித்தது: வங்கி அலுவலகம், வீடுகள், விடுதி, 2024இல் கேம்பிரிட்ஜ் வீதியில் திறந்த பெரிய உணவுக்கூடம். சமன்பாட்டின் மொழியில், பரப்பை நடுப்புள்ளிக்கு மேலே தூக்குவதற்குப் பதிலாக, நடந்து வரும் தூரத்தில் ஆட்களைச் சேர்த்து விற்பனைக் கோட்டையே உயர்த்துவதும், ஆல்ஃபா பெரிதாக உள்ள துணிக்கடைகளைச் சார்ந்திருப்பதைக் குறைப்பதும் இந்த வழியின் சாரம். இதை நான் புத்திசாலித்தனம் என்பேன். ஆனால் இதே மாநகராட்சி 2013இல் பழைய கோட்டைப் பகுதியான காசில்கேட்டின் சந்தையை மூர் வீதிக்கு மாற்றியபோது, 1296ஆம் ஆண்டின் அரச சாசனம் முதல் சந்தையோடு வாழ்ந்துவந்த ஒரு பகுதியின் கூட்டத்தை மற்றொரு பகுதிக்குக் கொடுத்தது. மூர் பிழைத்தது, காசில்கேட் வெறிச்சோடியது.

2024 டிசம்பர் முதல் இங்கிலாந்தின் உள்ளாட்சிகளுக்குப் புதிய அதிகாரம் ஒன்று வந்திருக்கிறது: இரண்டு ஆண்டுகளில் 365 நாள்களுக்கு மேல் காலியாக இருந்த கடையை, உரிமையாளர் மறுத்தாலும், ஓர் ஆண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை குத்தகைக்கு ஏலம் விடலாம். ஏலத்தில் வாடகையைச் சந்தையே முடிவுசெய்யும் என்பதால் நேர்கோடு இறங்க இது நல்ல கருவி. ஒன்றிரண்டு கடைகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏலம் விட்டால், வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும், வந்தவர்கள் நடுப்புள்ளிக்குக் கீழேயே கடை திறந்திருப்பார்கள். ஒரே வரிசையில் பத்துக் கடைகளை ஒரே மாதத்தில் ஏலம் விட்டுப் பார்க்கும் துணிச்சல் எந்த மாநகராட்சிக்காவது வந்தால், ஹாரிஸ், வில்சன் சமன்பாட்டுக்கு அதைவிடத் தெளிவான களச்சோதனை கிடைக்காது.