ஆமையோடு ஊர் மாறுகிறவர்களுக்கு

முழு ஆண்டுத் தேர்வுகள் முடிந்த கையோடு எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். மாற்றல் உத்தரவு வந்துவிட்டது, புனேயில் வீடு பார்த்தாயிற்று, சாமான்கள் லாரியில் போகின்றன, ஆமையை என்ன செய்வது? நாயையோ பூனையையோ கொண்டுபோக வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆமை என்றால், "அதற்கென்ன, ஒரு பக்கெட்டில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். என் மேசைக்கு வரும் சிக்கல்களில் பாதி அந்தப் பக்கெட்டில்தான் தொடங்குகிறது.

பெட்டி, துண்டு என்று போவதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் இருப்பது எந்த ஆமை?

ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரிந்திருந்தால் அது நம் நாட்டு நட்சத்திர ஆமை. அதிர்ஷ்டம் தரும் என்று யாரோ கொடுத்திருப்பார்கள். 2022-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. வீட்டில் வைத்திருப்பதே குற்றம்; குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை, அதற்கு மேல் அபராதம். கிணற்றில் விட்டால் தண்ணீர் சுத்தமாகும் என்று பிடித்துவந்த பாலாமைக்கும் இதே அட்டவணைதான். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். இந்த இரண்டு ஆமைகளைப் பொறுத்தவரை, ஆமைக்குப் பின்னாலேயே அமீனாவும் வருவார். இவற்றோடு மாநில எல்லையைத் தாண்டும் யோசனையே வேண்டாம். வனத்துறையை அணுகி ஒப்படைத்துவிடுங்கள். நீங்களாகவே காட்டில் கொண்டுபோய் விடவும் கூடாது. வீட்டில் வளர்ந்த ஆமையின் நோய்க்கிருமிகள் காட்டு ஆமைகளுக்கும் போய்விடும்.

கடைகளில் இப்போது அதிகம் விற்பது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சல்கேட்டா. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சாக வாங்குகிறார்கள். நன்றாக வளர்ந்த ஆண் 40 கிலோவைத் தாண்டும் என்று விற்பவர் சொல்வதில்லை. இத்தகைய வெளிநாட்டு இனங்களைப் பதிவு செய்வதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வெளியாயின. மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிய வேண்டும். அந்தப் பதிவுச் சான்று, வாங்கிய ரசீது, கால்நடை மருத்துவர் தரும் உடல்நலச் சான்று மூன்றையும் ஒரே உறையில் போட்டுக் காரில் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். சோதனைச் சாவடியில் நிற்கிற காவலருக்கு சல்கேட்டாவுக்கும் நட்சத்திர ஆமைக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. முகவரி மாறுவதை வனத்துறைக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுக் கிளம்புவது பின்னால் பல தலைவலிகளைத் தவிர்க்கும்.

இனி பயணம். சென்னையிலிருந்து புனே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். காரில் போனால் நடுவே ஓர் இரவு தங்கல். வளர்ப்பவர்கள் கவலைப்படுவது இரண்டு விஷயங்களுக்காக: வழியில் பசிக்குமே, வண்டி குலுங்குமே. இரண்டுமே பெரிய விஷயம் இல்லை. இலை தழை தின்னும் ஆமைக்கு, உண்டது செரித்து வெளியேறவே பல நாட்கள் ஆகும். இரண்டு நாள் பட்டினி அதற்கு ஒன்றும் செய்யாது. கிளம்புவதற்கு முந்தைய நாளே தீனியை நிறுத்திவிடுங்கள், பெட்டி அசுத்தமாகாமல் இருக்கும்.

ஆளைக் கொல்வது சூடு. நாம் வியர்க்கிறோம், நாய் நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கிறது. ஆமைக்குத் தெரிந்த ஒரே வழி நிழலுக்கு நடந்து போவது. பெட்டிக்குள் அடைத்துவிட்டால் அந்த ஒரு வழியும் போய்விடுகிறது. குடும்பங்கள் ஊர் மாறுவதோ கத்திரி வெயில் மாதத்தில். நிறுத்திவைத்த காரின் உள்வெப்பம் பத்து நிமிடத்தில் பத்து டிகிரி வரை ஏறிவிடும். வெளியே 38 என்றால், நீங்கள் இட்லி சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் உள்ளே 48. எந்த ஆமையும் அதைத் தாங்காது.

ஒருமுறை ஒரு சல்கேட்டாவைப் பிளாஸ்டிக் துணிக்கூடையோடு தூக்கி வந்தார்கள். கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஏசியும் போட்டிருந்தார்கள். ஆனால் பின்சீட்டின் ஜன்னல் வழியாக மேற்கு வெயில் நேரே கூடையின் மேல் விழுந்திருக்கிறது. கடைவாயில் நுரை. கழுத்து முழுக்கவும் முன்கால்களின் செதில்களிலும் எச்சில் வழிந்து மினுமினுத்தது. வேறு வழியே இல்லாதபோது தன் எச்சிலால் தன்னை நனைத்துக்கொள்வது ஆமையின் கடைசி முயற்சி. கூடையின் ஓட்டைகளில் நகம் சிக்கி, ஒரு விரலில் ரத்தம் வேறு. "கொஞ்ச நேரம் ரொம்ப ஆட்டம் போட்டது டாக்டர், அப்புறம் சமர்த்தாகத் தூங்கிவிட்டது" என்றார் அந்த அம்மா. அது தூக்கமில்லை. பிழைத்துக்கொண்டது, அவர்கள் அதிர்ஷ்டம்.

இப்படி நேர்ந்தால் ஐஸ் வைக்காதீர்கள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீரை ஒரு தட்டில் தாடைக்குக் கீழே நிற்கும் அளவுக்கு ஊற்றி அதில் இறக்குங்கள். தலை வெளியே இருக்க வேண்டும். ஓட்டின் மேல் அதே தண்ணீரை மெல்ல ஊற்றிக்கொண்டே அருகிலுள்ள மருத்துவரிடம் போங்கள்.

பெட்டிக்கு நான் சொல்வது எளிது: கனமான அட்டைப்பெட்டி, இல்லாவிட்டால் ஒளி ஊடுருவாத பிளாஸ்டிக் டப்பா. உள்ளே வெளிச்சம் தெரியக் கூடாது, காற்று வர வேண்டும். பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள் போடுங்கள். கண்ணாடி போன்ற டப்பா வேண்டவே வேண்டாம். எதிரே தெரியும் இடத்துக்குப் போக முடியும் என்று நம்பி, சுவரை மணிக்கணக்கில் முட்டித் தள்ளி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். பாசத்தில் பெரிய பெட்டியாக எடுப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு வளைவிலும் ஆமை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குச் சறுக்கிப் போய் இடிக்கும். திரும்பிக்கொள்ளும் அளவு இடம் போதும். அடியில் பழைய பருத்தித் துண்டு இரண்டு மடிப்பு, சுற்றிலும் இன்னொன்று. மண், மரத்தூள் எதுவும் வேண்டாம், கண்ணிலும் மூக்கிலும் ஏறும். இரண்டு ஆமை என்றால் இரண்டு பெட்டி. மேலே எந்தப் பக்கம் என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

அந்த எழுத்து வெறும் சம்பிரதாயமில்லை. ஆமைக்கு நம்மைப் போல நுரையீரலுக்குக் கீழே உதரவிதானம் கிடையாது. விலா எலும்புகள் ஓட்டோடு ஒட்டிப்போனவை என்பதால் மார்பை விரித்தும் மூச்சு வாங்க முடியாது. கால்களின் இடுக்குகளில் உள்ள தசைகளை அசைத்துத்தான் காற்றை இழுக்கிறது. நுரையீரல் இருப்பது முதுகு ஓட்டுக்கு அடியில். மல்லாந்து விழுந்தால் குடல், ஈரல், நிரம்பிய சிறுநீர்ப்பை எல்லாம் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். டிக்கியில் தலைகீழாகக் கவிழ்ந்த பெட்டியில் ஆமை சத்தம் போட்டு உங்களைக் கூப்பிடாது. எனவே டிக்கியே வேண்டாம். பின்சீட்டின் கால் வைக்கும் தரைப்பகுதியில், வெயில் படாமல், ஏசிக் காற்று நேரே அடிக்காமல் வையுங்கள். சீட்டின் மேல் வைத்தால் ஒரு திடீர் பிரேக்கில் கீழே விழும். ஓடு உயிருள்ள எலும்பு; விரிசல் விட்டால் ரத்தம் வரும், வலிக்கும். பெட்டிக்குள் ஒரு சின்ன வெப்பமானியைப் போட்டு, அதன் திரை வெளியே தெரியும்படி வைப்பது என் தனிப்பட்ட வற்புறுத்தல். சல்கேட்டா போன்ற வெப்பநாட்டு இனங்களுக்கு 25-இலிருந்து 30 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி.

தண்ணீர் விஷயத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பெட்டிக்குள் கிண்ணம் வைத்தால் அது கவிழ்ந்து துண்டு நனையும், அவ்வளவுதான் பலன். அதற்குப் பதிலாக, கிளம்பும் நாளுக்கு முந்தைய மாலை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள், குடித்துக்கொள்ளும். பயந்த ஆமை சட்டென்று சிறுநீரைப் பீய்ச்சிவிடும். அது அசுத்தம் மட்டுமில்லை, உடம்பில் சேர்த்துவைத்த நீர் இருப்பும் கூட. வழியில் தங்கும் இரவிலும் ஒருமுறை ஊறவைத்தால் அந்த இழப்பு ஈடாகும். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை கொண்ட நீர்வாழ் ஆமை வைத்திருப்பவர்களும் தண்ணீரோடு தூக்கிப் போகாதீர்கள். ஈரத் துண்டு போதும். அலையும் தண்ணீரில் கவிழ்ந்த குட்டி ஆமை மூழ்கியே போகும்.

தூக்க மருந்து கேட்பவர்களுக்கு நான் ஒருபோதும் எழுதித் தருவதில்லை. வயிற்றில் முட்டை இருக்கும் பெண் ஆமையைக் கிளப்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். சாமான் லாரியில் ஏற்றுவதைப் பற்றி எழுதவும் எனக்கு மனமில்லை. மூடிய லாரி, மூன்று நாள், உள்ளே என்ன வெப்பம் என்று ஓட்டுநருக்கே தெரியாது. விமானம் என்றால், ஊர்வனவற்றை ஏற்றுவார்களா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

தங்கும் விடுதியில் பெட்டி உங்களோடு அறைக்கு வர வேண்டும். குளியலறைத் தரையில் விட்டுவிடாதீர்கள், அங்கே பினாயில் ஊற்றித் துடைத்திருப்பார்கள். பெட்டியைத் தொட்ட கையோடு சாப்பாட்டு மூட்டையைப் பிரிக்கவும் வேண்டாம். ஆமைகள் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும். பின்சீட்டில் குழந்தை இருந்தால் சோப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

டெல்லிப் பக்கம் குளிர்காலத்தில் போகிறவர்களுக்குச் சிக்கல் தலைகீழ். சல்கேட்டா குளிருறக்கம் கொள்ளும் இனமில்லை. உடம்பு குளிர்ந்தால் செரிமானம் நின்று, தின்றது குடலிலேயே அழுகும். அது இருமிச் சளியைத் துப்பவும் முடியாது என்பதால் நிமோனியா சுலபமாக முற்றிவிடும். சூடேற்றும் விளக்கை முதல் நாளே மாட்டும்படி தனிப்பையில் எடுத்துப் போங்கள். லாரி எப்போது வரும் என்று நம்பியிருக்க முடியாது.

புது வீட்டில் பூச்சிமருந்து அடித்திருக்கிறார்களா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். தரையோடு மூக்கை உரசி நடக்கிற பிராணிக்கு அது நம்மைவிடப் பல மடங்கு படும். சாமான் பிரிக்கும் நாட்களில் தரையெங்கும் தெர்மகோல் மணிகளும் டேப் துண்டுகளும் உருண்டுகொண்டிருக்கும். ஆமை கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துப் பார்க்கும். பெருக்கித் துடைக்கும் வரை ஒரு மூலையில் தடுப்புக் கட்டி அதற்குள் வையுங்கள். பால்கனிக் கம்பிகளின் இடைவெளியையும் அளந்து பாருங்கள்.

முதல் சில நாட்கள் சாப்பிடாமல் ஒடுங்கியிருந்தால் பதற வேண்டாம். ஒரு வாரம் தாண்டினாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு விட்டாலோ அன்றைக்கே காட்டுங்கள். அந்த ஊரில் ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் யார் என்று வீடு தேடும்போதே விசாரித்துவையுங்கள். நாய், பூனை, மாடுகளுக்குப் புழு, உண்ணி போக சாதாரணமாகப் போடும் ஐவர்மெக்டின் ஊசி ஆமையைக் கொன்றுவிடும். பழக்கமில்லாத மருத்துவரிடம் போக நேர்ந்தால், ஊசி போடும் முன் அந்த மருந்தின் பெயரை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.