விர்ச்சுவல் மெஷின்: மாயமா, மெய்நிகரா?

கோவையில் நிரலர்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் விர்ச்சுவல் மெஷினைச் சுருக்கிய ‘வி.எம்.’ என்ற இரண்டெழுத்து படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. எர்லாங் என்ற நிரல் மொழியை ஓட்டும் ‘பீம்’ உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று ஒருவர் விரிவாகப் பேசி முடிப்பார். பின்வரிசையிலிருந்து கேள்வி வரும்: “ஏனுங்ணா, இதுல லினக்ஸ் எங்கீங்க இன்ஸ்டால் பண்றது?” கேட்டவர் மேல் தப்பில்லை. சரவணம்பட்டியில் சர்வர் பார்த்துக்கொள்கிறவருக்கு வி.எம். என்றால் கணினிக்குள் இன்னொரு கணினி, லினக்ஸ் போன்ற இயங்குதளத்தை அதில் நிறுவலாம். பேசியவருக்கு அது ஒரு மொழியின் கட்டளைகளை ஓட்டும் மென்பொருள். ஆங்கிலம் இரண்டையும் ஒரே பெயரில் அடைத்து வைத்திருக்கிறது.

‘விர்ச்சுவல்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘விர்’ என்றால் ஆண்மகன், ‘விர்த்துஸ்’ என்றால் அவனது வீரம், ஆற்றல். வடிவில் அதுவாக இல்லாமல் ஆற்றலில் அதுவேயாக இருப்பது ‘விர்ச்சுவல்’ ஆயிற்று. நம் பள்ளி இயற்பியல் புத்தகம் கண்ணாடியில் தெரிவதை ‘மாய பிம்பம்’ என்கிறது. ஒளியியலுக்கு அது பொருந்தும். அந்தப் பிம்பத்தைத் திரையில் பிடிக்க முடியாது. வி.எம். அப்படியில்லை, கொடுத்த கணக்கை நிஜமாகவே போட்டுத் தருகிறது. அதனால் ‘மாய எந்திரம்’ எனக்கு ஒப்பவில்லை. மெய்க்கு நிகரானது என்னும் ‘மெய்நிகர்’ லத்தீன் வேரின் கருத்தைத் தொட்டுவிடுகிறது.

‘மெஷின்’ கிரேக்கத்தில் தொடங்கி லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் போன சொல். திருப்பூர் தையல் கூடத்திலும் கோவை மோட்டார் பட்டறையிலும் அது ‘மிஷின்’. தமிழில் எந்திரம் என்கிறோம். ‘அது சமஸ்கிருதமாச்சே’ என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. ‘யந்த்ர’ என்பதன் திரிபுதான். ஆனால் ஐங்குறுநூற்றிலேயே ‘கரும்பின் எந்திரம்’ களிற்றுக்கு எதிராகப் பிளிறுகிறது. இத்தனை நூற்றாண்டு நம் வீட்டில் இருந்த சொல்லை எதற்கு வெளியே அனுப்புவானேன்? ‘பொறி’யும் நல்ல சொல்தான், ஆனால் எலிப்பொறி, தீப்பொறி, ஐம்பொறி என்று அதற்கு ஏற்கெனவே கை நிறைய வேலை.

கணினிக்குள் கணினி என்ற முதல் பொருளின் பிறப்பிடம் ஐ.பி.எம். நிறுவனம். 1960களில் ஒரே பெரிய கணினியைப் பலருக்குத் தனித்தனிக் கணினிபோலக் காட்டும் சோதனை அங்கே நடந்தது; 1972இல் வி.எம்./370 என்ற இயங்குதளம் அறிவிக்கப்பட்டது. பொப்பெக், கோல்ட்பர்க் என்ற கணினி ஆய்வாளர்கள் 1974இல் எழுதிய கட்டுரை, இதை உண்மைக் கணினியின் திறமையான, தனித்து ஒதுக்கப்பட்ட நகல் என்று வரையறுத்தது.

மொழியை ஓட்டும் மென்பொருள் என்ற இரண்டாம் பொருளின் கதை வேறு. கணினி அறிஞர் பீட்டர் லாண்டின் 1964இல் லாம்டா கோவைகளை, அதாவது ஃபங்ஷன்களைக் குறியீடுகளால் எழுதும் கணிதக் கோவைகளை, கணக்கிடத் தாளிலேயே ஓர் எந்திரத்தை வகுத்தார். எஸ்.இ.சி.டி. என்ற அதன் பெயரில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் ஒரு பகுதி: ஸ்டேக், என்விரான்மென்ட், கன்ட்ரோல், டம்ப். இரும்பு வேண்டாம், விதிகள் போதும். ஃபங்ஷன்களைக் கோத்தே நிரல் எழுதும் ஃபங்ஷனல் புரோகிராமிங்காரர்கள் இந்த வகையை ‘அப்ஸ்ட்ராக்ட் மெஷின்’ என்றே சொல்லி வந்தார்கள். ‘பீம்’ (BEAM) பெயரின் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகளும் (AM) அந்தச் சொற்களின் முதலெழுத்துகள்தான். தமிழில் ‘அருவ எந்திரம்’ எனலாம். அருவம் கோயில் வரை போய் வந்த சொல், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

உள்ளே நடப்பதைப் பார்க்க 2 + 3 × 4 போதும். எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலிருந்தே எடுப்பது அடுக்கு எந்திரம். ஜாவா மொழியின் எந்திரம் அப்படிப்பட்டது. அதற்கு இது ஐந்து கட்டளை: 2 வை, 3 வை, 4 வை, பெருக்கு, கூட்டு. ‘பெருக்கு’ மேலிருக்கும் 3, 4 இரண்டையும் எடுத்து 12 வைக்கும். ‘கூட்டு’ 2, 12ஐ எடுத்து 14 வைக்கும். இந்தக் கட்டளைத் தொகுப்பே பைட்கோடு. சிறுமுகையில் ஜக்கார்டு தறி ஓட்டுகிறவருக்கு இது பழகிய சங்கதி: அட்டையில் துளையாக இருக்கும் டிசைன், கொக்கிக் கணக்கு ஒத்துவரும் எந்தத் தறியில் மாட்டினாலும் அதே பூவைத் தரும். பீம் அடுக்கில் கணக்குப் போடுவதில்லை, ரெஜிஸ்டர்கள் என்ற எண்ணிட்ட சிறு பெட்டிகளில் போடுகிறது.

எர்லாங்கில் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் சுழற்சிக் கட்டளையே கிடையாது. ஃபங்ஷன் தன்னைத்தானே கடைசி வேலையாகக் கூப்பிட்டுக்கொள்ளும். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் அடுக்கில் புது இடம் ஒதுக்கினால் கொஞ்ச நேரத்தில் அது நிரம்பிவிடும். பீம் பழைய இடத்தையே மறுபடி பயன்படுத்துகிறது. ஜாவா எந்திரம் இதற்கு உத்தரவாதம் தருவதில்லை. அதனால்தான் அதன்மேல் ஓடும் குளோஜர் மொழியில், பழைய இடத்தையே பயன்படுத்த, ‘ரெக்கர்’ என்று தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை: லினக்ஸ் நிறுவ இடம் தருவது மெய்நிகர் கணினி. பைட்கோடு ஓட்டுவது மெய்நிகர் எந்திரம். தாளில் விதியாக மட்டும் நிற்பது அருவ எந்திரம். ‘மெய்நிகர்க் கணினி’ என்று ஒற்றுப் போட்டு எழுதுவதையும் பார்க்கிறேன். மெய்யை நிகர்த்த, நிகர்க்கின்ற, நிகர்க்கும் கணினி என்று விரிவதால் இது வினைத்தொகை. அங்கே வல்லினம் மிகாது.