உப்பு மூட்டைக்கு வாடகை

திருப்பூரில் பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது உப்பையும் சேர்த்துப் போடுவார்கள். வெளிர் நிறத்துக்குக் குறைவாகத்தான் வேண்டும். கறுப்பு, கருநீலம் என்றால் லிட்டர் நீருக்கு 80 கிராம்கூட ஆகும். பருத்தி இழை, அதற்கு ஏற்றும் ரியாக்டிவ் வகைச் சாயம் இரண்டுமே நீரில் ஒரே வகை (நெகட்டிவ்) மின்னூட்டம் பெறுவதால் ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைத் தணித்துச் சாயத்தை இழையிடம் சேர்க்கிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. துணியில் ஒட்டாது, போட்டதெல்லாம் கழிவுநீரில் வந்துவிடும்.

அந்த நீர் பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில்தான் கலந்தது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது.

சரி, வெளியே விடாமல் என்ன செய்வது? உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஆர்.ஓ. சவ்வு, பெரும்பகுதி நீரை ஆயிரம் லிட்டருக்குச் சில யூனிட் மின்சாரச் செலவில் மீட்டுவிடும். அது கழித்துவிடும் உப்புக் கரைசலைக் காய்ச்சித்தான் வற்றவைக்க வேண்டும். ஆயிரம் லிட்டர் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 630 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் தேவை. ஒரு கலத்தின் நீராவியைக் கொண்டே அடுத்த கலத்தைச் சூடாக்கினால் இது பல மடங்கு குறையும். அப்படியும் பணத்தைத் தின்பது இந்தக் கடைசிப் பங்கு நீர்தான்.

அப்புறம் மிஞ்சுவது கலப்பு உப்பு. சுத்திகரிப்பில் வரும் சேற்றைச் சிமென்ட் சூளையில் எரிக்கலாம். இந்த உப்பில் குளோரைடு அதிகம். சூளைக்குள் படிந்து பாதையை அடைக்கும், அதனால் ஆலைகள் விரும்புவதில்லை. புதைக்கலாமென்றால் மழைநீர் பட்டதும் கரைந்துவிடும். நிறம், அழுக்கு, இரண்டு மூன்று உப்புகள் எல்லாம் சேர்ந்த கலவையை விலைக்குக் கேட்பவரும் அரிது. ஆகவே மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்குகிறார்கள்.

கணக்குப்புத்தகத்தில் இது மலிவாகத் தெரியும். கூரை, தளம், காவல், அவ்வளவுதான் ஆண்டுச் செலவு. தீர்வுக்கோ ஒரே தவணையில் பெருந்தொகை வேண்டும். வட்டி மட்டும் கட்டி அசலைத் தொடாத கடன் மாதிரி, தள்ளிப்போடுவதே லாபமாகப் படுகிறது. மூட்டைகள் மட்டும் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போகும். கூரை ஒழுகினால் வரும் நிலத்தடி நீர்ச் சேதம் கணக்கில் ஏறுவதே இல்லை. அதை ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயி சுமக்கிறார். சேமிப்புக்கு அதன் உண்மையான விலையை வைக்காதவரை மறுபயன்பாட்டு நுட்பங்கள் விலையுயர்ந்தவையாகவே தோன்றும் என்பது என் எண்ணம்.

சாயத் தொட்டியிலேயே சாதாரண உப்பைக் கலக்காமல் சோடியம் சல்பேட் என்ற உப்பை மட்டும் போட்டால் கதை மாறுகிறது. கலப்படம் குறைவான அந்த உப்புக் கரைசலைச் சுத்தப்படுத்திச் சாயமேற்ற மறுபடி பயன்படுத்தலாம். காய்ச்ச வேண்டிய நீரும் குறையும், வாங்க வேண்டிய உப்பும் குறையும். திருப்பூரில் சில பொது நிலையங்கள் இதைச் செய்கின்றன. சுற்றிச்சுற்றி வரும்போது கரைசலில் கடினத்தன்மை (கால்சியம், மெக்னீசியம்) சேரும், அதை அவ்வப்போது நீக்க வேண்டும். அப்படி நீக்கும்போது படிவது பெரும்பாலும் சுண்ணாம்புச் சேறு. அதைச் சிமென்ட் சூளை ஏற்கும்.