மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே நர்சிங் கல்லூரி: 157 கல்லூரித் திட்டம்

2023 மத்திய பட்ஜெட்டில் அறிவித்து, அதே ஆண்டு ஏப்ரல் 26 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் இது. 2014-க்குப் பிறகு தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரிகளின் வளாகங்களில் 157 நர்சிங் கல்லூரிகள். கல்லூரிக்கு 10 கோடி வீதம் 1,570 கோடி ரூபாய். எல்லாம் இயங்கத் தொடங்கினால் ஆண்டுக்கு 15,700 பட்டதாரி செவிலியர்கள் கூடுதலாக வருவார்கள்.

தமிழ்நாட்டுக்கு 11 கல்லூரிகள். விருதுநகர், ராமநாதபுரம், நீலகிரி, கள்ளக்குறிச்சி என 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்த 11 மருத்துவக் கல்லூரிகளை ஒட்டியவை அவை. நாட்டின் நர்சிங் நிறுவனங்களில் 42 சதவீதம் ஐந்து தென் மாநிலங்களில்தான் என்று மத்திய சுகாதார அமைச்சகமே சொன்னது. அப்புறம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம்மிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவை தனியார். விவசாயக் கூலி வீட்டுப் பெண்ணுக்குப் பக்கத்து ஊரில் கல்லூரி இருந்தும் என்ன, கட்டணம் கட்ட முடிய வேண்டுமே.

ஒரே வளாகம் என்பதுதான் இந்தத் திட்டத்தின் உயிர். நர்சிங் வகுப்பறையில் மட்டும் வருகிற படிப்பு அல்ல. பொம்மைக் கையில் ஊசி போட்டுப் பழகலாம். நடுங்கும் வயதானவரின் கையில் ரத்தக் குழாயைக் கண்டுபிடித்து வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக் குழாய்) போட வார்டில்தான் பழக வேண்டும். ஷிப்ட் மாறும்போது எந்தப் படுக்கைக்கு எத்தனை மணிக்கு மருந்து, யாருக்குச் சிறுநீர் குறைந்திருக்கிறது என்று ஒப்படைப்பதும் அப்படித்தான். சொந்த மருத்துவமனை இல்லாத கல்லூரி மாணவிகள் இதற்காகப் பேருந்தில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய், ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருகிறார்கள். அது பயிற்சியே அல்ல.

கட்டடம் எழும்பிவிடும். ஆசிரியர்கள்தான் என் கவலை. 10 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. எம்.எஸ்சி. நர்சிங் முடித்தவர்களை நிரந்தரப் பணியில் நியமிக்காவிட்டால் 10 கோடியும் சுவராகவே நின்றுவிடும்.

சேர்க்கைக்கு வருவோம். பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர். வயது 17 நிறைந்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்த்து 45 சதவீதம் தேவை, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 40. ஆங்கிலத்தில் தேர்ச்சி இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதுவரை இந்தப் படிப்புக்கு நீட் கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்படி மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

தனியார் கல்லூரிதான் வழி என்றால், பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை எங்கே, அதில் எத்தனை படுக்கை? பதில் கிடைத்தாலும் நேரில் போய் வார்டைப் பாருங்கள். கவுன்சில் அங்கீகாரமும், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்பதைக் காகிதத்தில் பார்த்துவிட்டுச் சேருங்கள்.