நோசோகோமியல்: தமிழில் என்ன சொல்வது?

அறுவை சிகிச்சை முடிந்த பெரியவரின் நோய்க் குறிப்பேட்டில் 'நோசோகோமியல் இன்ஃபெக்‌ஷன்' என்று எழுதியிருப்பார்கள். ஏதோ ஒரு கிருமியின் பெயர் என்றே குடும்பத்தினர் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது கிருமியின் பெயர் அல்ல. கிரேக்கத்தில் 'நோசோஸ்' நோய்; 'கோமெயோ' பேணுதல். இரண்டும் சேர்ந்த 'நோசோகோமெயோன்' நோயாளியைப் பேணும் இடம், அதாவது மருத்துவமனை. ஆகவே நோசோகோமியல் என்றால் 'மருத்துவமனைக்குரிய' என்பதே பொருள். தமிழில் 'மருத்துவமனைத் தொற்று' போதும்.

'தொற்று' என்ற சொல்லில் மட்டும் சற்றுக் கவனம் வேண்டும். தொற்றுதல் என்றால் பற்றி ஏறுதல், பேச்சில் 'தொத்து'. ஒருவரிடமிருந்து இன்னொருவர் மேல் தாவுவது என்ற நினைப்பு அதோடு வந்துவிடுகிறது. 'ஒட்டுவாரொட்டி' என்ற பழைய சொல்லுக்கு அந்தப் பொருள் முழுதாகப் பொருந்தும். மருத்துவமனைத் தொற்று எல்லாம் அப்படியல்ல. அறுவைப் புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா பல சமயம் நோயாளியின் மூக்கிலும் தோலிலும் முன்பே குடியிருந்ததுதான். குடல் அறுவையில் அவருடைய குடல் பாக்டீரியாவே வெளியே கசிகிறது. எங்கே, எப்போது வந்தது என்பதைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது. யாரிடமிருந்து என்பதை அல்ல.

'எப்போது' என்பதற்குக் கணக்கு உண்டு. பொதுவாக, சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பின் தொடங்கியிருக்க வேண்டும். சேரும்போதே உடலில் வளர்ந்துகொண்டிருந்தது இதில் சேராது. அறுவைப் புண் தொற்றுக்கு, அறுவை நடந்த நாளிலிருந்து 30 நாள். செயற்கை இடுப்பு மூட்டு போன்ற பொருள் உள்ளே வைத்திருந்தால், ஆழமான தொற்றுக்கு 90 நாள் வரை. வீடு திரும்பிய பின், அறுவையிலிருந்து இருபதாம் நாள் தையலில் நீர் வடிந்து, அது தொற்று என்று உறுதியானால், அதுவும் மருத்துவமனைத் தொற்றே.

முதியவரிடம் இதைக் கண்டுபிடிப்பது கடினம். காய்ச்சல் ஏறாமலே இருக்கலாம். திடீர் மனக்குழப்பம், சாப்பாட்டை மறுப்பது, எழுந்தால் தடுமாறுவது, இவையே முதல் அறிகுறியாகலாம். இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. எரிச்சலோ வலியோ காய்ச்சலோ இல்லாமல் சிறுநீரில் பாக்டீரியா இருப்பது வயதானவர்களிடம் சகஜம். சிறுநீர் வடிகுழாய் பல நாள் கிடந்தால் கட்டாயம் என்றே சொல்லலாம். அந்தப் பரிசோதனை முடிவுக்காக மட்டும் மருந்து கொடுப்பது பயன் தராது. தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுவதுதான் மருந்தைவிடப் பெரிய தடுப்பு.

ஆன்டிபயாடிக் என்பதற்கு 'நுண்ணுயிர் எதிர்ப்பி' நிலைத்துவிட்டது. 'நுண்ணுயிர்க்கொல்லி' அவ்வளவு சரியில்லை. இவற்றில் சில கொல்வதில்லை, பெருகவிடாமல் தடுப்பதோடு சரி. அறுவைக்கு முன் தடுப்பாகக் கொடுக்கும்போது வேளைதான் முக்கியம். செஃபசோலின் 2 கிராம், கீறலுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள். எடை 120 கிலோ அல்லது அதற்கு மேல் என்றால் 3 கிராம். மெதுவாக ஏற்ற வேண்டிய வான்கோமைசினை 120 நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும். கத்தி படும் நேரத்தில் திசுவில் மருந்து நிறைந்திருக்க வேண்டும் என்பதே காரணம். அறுவை 4 மணி நேரம் தாண்டினாலோ இரத்த இழப்பு 1500 மி.லி.க்கு மேல் போனாலோ செஃபசோலின் இன்னொரு வேளை தேவை. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அந்த இடைவெளி நீளும். புண்ணை மூடிய பிறகு 'பாதுகாப்புக்கு' என்று ஐந்து நாள் நீட்டுவது புண்ணைக் காப்பதில்லை. குடலின் நல்ல பாக்டீரியா அழிந்து, கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசிலே என்ற பாக்டீரியா பெருகிக் கடும் வயிற்றுப்போக்கு வரலாம். அதுவும் ஒரு மருத்துவமனைத் தொற்றுதான். 65 வயதைக் கடந்தவர்களை அதிகம் தாக்குவது. அதன் வித்துகள் ஆல்கஹால் கைத்திரவத்துக்குச் சாவதில்லை, சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவியே நீக்க வேண்டும்.

மருந்தின் அளவிலும் ஏமாறக்கூடாது. 80 வயது, 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இரத்தத்தில் கிரியாட்டினின் (தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 1.0 மி.கி./டெ.லி. என்று வந்தால் இயல்பாகத் தெரியும். வயது, எடை, பாலினம் சேர்த்துக் கணக்கிடும் காக்ராஃப்ட்–கால்ட் சூத்திரத்தில் போட்டால் சிறுநீரக வடிகட்டல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 35 மி.லி.தான். தசை குறைந்ததால் கிரியாட்டினினும் குறைந்து, தளர்ச்சியை மறைத்துவிடுகிறது. இந்த நிலையில் செஃபெபீம் என்ற எதிர்ப்பியை முழு அளவில் தொடர்ந்தால் மருந்தே மனக்குழப்பத்தை உண்டாக்கலாம். தொற்று அடங்கவில்லை என்று தவறாக எண்ணி, மருந்தைக் கூட்டிவிடும் ஆபத்து இருக்கிறது.

இன்னொரு சொல்லையும் பிரித்து வைக்க வேண்டும். 'எதிர்ப்பி' என்பது மருந்து. கிருமி அதற்கு அடங்காமல் போவதை 'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்று எழுதினால் ஓரெழுத்தில் பொருள் தலைகீழாகும். அதை 'மருந்தெதிர்ப்பு' என்பதே தெளிவு. குறிப்பேட்டிலும் பொதுப்பெயரோடு நிறுத்தாமல், 'அறுவைப் புண் தொற்று, ஒன்பதாம் நாள், மருந்தெதிர்ப்பு ஸ்டஃபைலோகாக்கஸ்' என்று இடம், நாள், கிருமி மூன்றையும் எழுதலாம். அடுத்து எந்த மருந்து, எத்தனை நாள் என்று முடிவெடுப்பவருக்கு வேண்டியவை இந்த மூன்றும்தான்.